சொன்னது யாருக்குச் சொந்தம்?

பள்ளிதோறும் கவுன்சலர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அறைக்குள் பேசப்படும் ரகசியத்துக்குக் காவல் யார்?

2021-ம் ஆண்டுக் கோடை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஓர் உளவியல் நிபுணருடன் அமர்ந்து பேசுகிறார். அன்றாடம் பிறரைக் கேள்வி கேட்பவர், அன்றைக்குத் தன் மனதில் கிடக்கும் தயக்கங்களை எடுத்துவைக்கும் இடத்தில் இருந்தார். மதுரையிலிருந்து சென்னை வந்து சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், சேர்ந்து வாழத் தங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தொடுத்த வழக்கு அவர் முன் இருந்தது. பெண்களைக் காணவில்லை என்று பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்திருந்தார்கள். தன்பாலின ஈர்ப்பைப் பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்பதை நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் மறைக்கவில்லை. புரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதுவேன் என்று சொல்லி, அந்த அமர்வைத் தானே கேட்டுப் பெற்றார். ஜூன் 7-ம் தேதி வெளியான உத்தரவு, தன்பாலின ஈர்ப்பை 'மாற்றிக்காட்டுகிறேன்' என்று செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை போட்டது.

அந்த உத்தரவை எல்லோரும் அதன் முடிவுக்காகப் படித்தார்கள். அதில் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. அப்படி ஓர் அமர்வு நடந்தது என்பது நமக்குத் தெரிவதற்குக் காரணம், அந்த நீதிபதியே அதை விரும்பிப் பதிவுசெய்ததுதான். சொல்வதா வேண்டாமா, எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்ற முடிவெல்லாம் ஆலோசனை பெற்றவரின் கையில் இருந்தது. நியாயப்படி எல்லோருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால், ப்ளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவிக்கும், குடும்ப நீதிமன்றப் படியேறும் ஒரு கணவனுக்கும், கம்பெனி ஏற்பாடு செய்த கவுன்சலிங்குக்குப் போகும் ஓர் ஊழியருக்கும் அந்த முடிவு அவரவர் கையில் இருக்கிறதா? இன்றைய நிலையில், பெரும்பாலும் இல்லை.

இந்தக் கேள்வியை இப்போது கேட்க ஒரு காரணம் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்கள் வகுத்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதியுள்ள ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. ஆகவே அந்த வழிகாட்டுதலின் நோக்கத்தில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால், பல்லாயிரம் அறைகளில் பல்லாயிரம் ஆலோசகர்கள் உட்காரப்போகிறார்கள். அவர்களுடைய படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறோம், சிகிச்சை முறையைப் பற்றி அதைவிடக் குறைவாகப் பேசுகிறோம், ரகசியத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. முதல் இரண்டும் மூன்றாவதன் மேல்தான் நிற்கின்றன. அந்த மூன்றாவதை, இந்த நாட்டுச் சட்டம் ஆலோசகரின் நல்ல மனதை நம்பி விட்டுவைத்திருக்கிறது.

பலகையில் எதை எழுதினாலும் செல்லும்

பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மனநல மருத்துவர் என்று பலகை மாட்ட எம்.பி.பி.எஸ்., அதன் மேல் மனநலத்தில் பட்டமோ பட்டயமோ, மருத்துவ கவுன்சில் பதிவு எல்லாம் வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள, 1992-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 'கவுன்சலர்' என்ற பலகைக்கு மட்டும் நடைமுறையில் எந்த நிபந்தனையும் இல்லை. உளவியலில் முதுகலை முடித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பல மாதங்கள் பயின்று வந்தவரும் கவுன்சலர். இரண்டு வார இறுதிகளில் ஆன்லைன் சான்றிதழ் வாங்கியவரும் கவுன்சலர். இருவர் அறையிலும் அதே மாதிரி இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. வாசலில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு சட்டம் வந்தது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியத் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் பலவகை ஆலோசகர்களையும் தன் அட்டவணையில் சேர்த்தது. மாநிலந்தோறும் மன்றம், பதிவேடு, ஒழுங்கு நடவடிக்கை என்று காகிதத்தில் எல்லாம் இருக்கின்றன. காகிதத்திலிருந்து இறங்கி வருவதில்தான் சிக்கல். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை இரண்டு மாதத்துக்குள் செயல்படுத்துங்கள் என்று மத்திய, மாநில அரசுகளுக்குக் கெடு விதிக்கும் அளவுக்கு வேகம் அப்படி.

---
யார் யார்?

மனநல மருத்துவர்: மருத்துவம் படித்தவர். மருந்து எழுதலாம். மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு உண்டு. தவறு செய்தால் பதிவு பறிபோகும்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: உளவியல் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் தருபவர். மருந்து எழுத முடியாது. மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் கட்டாயம்.

மனநலச் சமூகப் பணியாளர்: நோயாளியோடு குடும்பம், வேலை, ஊர்ச்சூழல் ஆகியவற்றையும் சேர்த்துக் கவனிப்பவர். பெரும்பாலும் மருத்துவமனை, அறக்கட்டளை சார்ந்து இயங்குபவர்.

கவுன்சலர்: தேர்வு பயம், மணவாழ்க்கைச் சிக்கல், துக்கம், குடிப்பழக்கம் என்று வாழ்க்கைச் சுமைகளோடு வருபவர்களுக்கு உதவுபவர். எல்லோருக்கும் பொதுவான கட்டாயப் பதிவேடு இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.
---

எந்த முறை என்பதைவிட எந்த உறவு?

சிகிச்சை முறைகளின் பட்டியல் நீளமானது. கார்ல் ரோஜர்ஸ் 1940-களில் தொடங்கிவைத்த, வந்தவரையே மையமாக வைத்துப் பேசும் முறை. ஆல்பர்ட் எல்லிஸ், ஆரன் பெக் ஆகியோர் 1950, 60-களில் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் முறை. கணவன் மனைவியை, குடும்பத்தை மொத்தமாக உட்காரவைக்கும் முறை. எது உசத்தி என்று ஆதரவாளர்கள் அரை நூற்றாண்டாக மோதிக்கொள்கிறார்கள். ஆனால், எந்த முறையைக் கையாண்டாலும் ஓர் அம்சம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. வந்தவருக்கும் ஆலோசகருக்கும் இடையே உருவாகும் நம்பிக்கைப் பிணைப்பு எவ்வளவு வலுவானதோ, அந்த அளவுக்குப் பலன் கூடுகிறது. 2018-ல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு ஆய்வு, 30,000-க்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து இந்தத் தொடர்பை உறுதிசெய்தது. தொடர்பு மிதமானதுதான், ஆனால் முறைகளைத் தாண்டி, நாடுகளைத் தாண்டி அது நிலைத்து நிற்கிறது.

நான் சொல்வது வெளியே போகாது என்று தெரியாத இடத்தில் அந்தப் பிணைப்பு எப்படி முளைக்கும்? யூகமாகச் சொல்வதல்ல இது. 1997-ல் கலிஃபோர்னியாவில் 562 பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருத்துவர் ரகசியம் காப்பதாக உறுதி சொல்வதைக் கேட்ட மாணவர்களில் 46.5 சதவிகிதம் பேர், பாலுறவு, போதை, மனச்சோர்வு போன்றவற்றைப் பற்றிப் பேசத் தயார் என்றார்கள். அந்த உறுதியைக் கேட்காதவர்களில் 39 சதவிகிதம்தான். மறுபடியும் வருவீர்களா என்ற கேள்விக்கு வித்தியாசம் இன்னும் பெரிது: 53 சதவிகிதம், 67 ஆனது. அதே ஆய்வில் நம் வாதத்துக்குக் கொஞ்சம் உறுத்தலான ஒரு தகவலும் உண்டு. 'சில சூழ்நிலைகளில் சொல்ல வேண்டியிருக்கும்' என்று எல்லையையும் சேர்த்துச் சொன்னபோது, எதையும் சொல்ல மாட்டேன் என்று முழு உறுதி பெற்றவர்களைவிட, திரும்பி வரத் தயாரானவர்கள் 10 சதவிகிதப் புள்ளி குறைந்தார்கள். உண்மையைச் சொல்வதற்கு ஒரு விலை இருக்கிறது. கொடுத்தாக வேண்டிய விலை. பொய்யான உறுதி கொடுத்துப் பின்னர் உடைப்பதன் விலை அதைவிட அதிகம்.

முறை முக்கியமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தீங்கான முறைகளும் உண்டு. 2021 உத்தரவு தடுத்தது அப்படி ஒன்றைத்தான். அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அந்த 'மாற்றுச் சிகிச்சை' தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. நல்லது. ஆனால் அந்த ஆணையத்தின் பிரம்பு மருத்துவர்கள் வரைதான் நீளும். அதே வேலையை, பிள்ளையைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லி ஒரு கவுன்சலர் செய்தால், அவரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியாது. நீக்குவதற்குப் பெயர் ஏதாவது பதிவேட்டில் இருந்தால்தானே.

சட்டம் நின்றுவிடும் இடம்

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 நல்ல சட்டம். அதன் 23-வது பிரிவு, மனநோய் உள்ளவருக்கு ரகசிய உரிமை தருகிறது. சிகிச்சை தரும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கு அந்த ரகசியத்தைக் காக்கும் கடமை விதிக்கிறது. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனையும் இருக்கிறது. கோளாறு, அந்தச் சட்டத்துக்குள் யார் வருகிறார்கள் என்பதில்தான். சிந்தனையையோ மனநிலையையோ கணிசமாகப் பாதிக்கும் கோளாறையே சட்டம் மனநோய் என்கிறது. மாமியாரோடு ஒத்துப்போகவில்லை, அரியர் விழுந்துவிட்டது, வேலை போய்விட்டது, தூக்கம் வரவில்லை என்று கவுன்சலரிடம் போகிறவர் அந்த வரையறைக்குள் வருவது சந்தேகம். 'மனநலத் தொழில்முறையாளர்' யார் என்று விளக்கும் இடத்தில், சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் படித்த முதுகலைப் பட்டதாரிக்கு இடம் இருக்கிறது. வெறும் கவுன்சலருக்கு இல்லை. வந்தவரும் வெளியே, கேட்டவரும் வெளியே. நம் மனநலச் சட்டங்கள் எல்லாமே பூட்டிவைக்கப்பட்டவரைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதப்பட்டவை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு 28 பேர் எரிந்து செத்த நாட்டில் அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இன்றைக்கு உதவி தேடுகிறவர்களில் மிகப் பலர், தாமாக நடந்து வந்து கதவைத் தட்டுகிறவர்கள்.

நீதிமன்றத்தில் நிலைமை இன்னும் மோசம். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிட வைக்க முடியாது. 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் தந்த அந்தப் பாதுகாப்பை, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமும் தொடர்கிறது. ஆலோசகருக்கு அப்படி ஒரு பாதுகாப்பு அதிலும் இல்லை, இதிலும் இல்லை. சம்மன் வந்தால் கூண்டில் ஏறிச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் 1996-ல் ஒரு பெண் போலீஸ் அதிகாரி, துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தான் ஆலோசனை பெற்ற சமூகப் பணியாளரின் குறிப்புகளைக் கொடுக்க மறுத்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ரகசியத்தை ஏற்றுக்கொண்டது. நம் உச்ச நீதிமன்றம் 2019-ல், குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில், சமரசப் பேச்சுக்குரிய ரகசியம் நீதிமன்றம் நியமித்த ஆலோசகரின் அறிக்கைக்குப் பொருந்தாது என்றது. குழந்தையின் நலனே பெரிது என்ற அடிப்படையில் அந்த முடிவில் தவறில்லை. பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. குடும்ப நீதிமன்ற வளாகத்தில் கவுன்சலர் முன் உட்காரும் கணவனும் மனைவியும், தாங்கள் அழுது சொல்வது அறிக்கையாகப் போகுமா, போகாதா என்று தெரிந்துகொண்டா பேசத் தொடங்குகிறார்கள்?

சம்பளம் கொடுப்பவர் ஒருவர், அழுபவர் வேறொருவர்

பள்ளிக்கு வருவோம். இனி அதிகம் உரசல் வரப்போவது அங்கேதான். கவுன்சலருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். வேலை பெரும்பாலும் ஆண்டு ஒப்பந்தம். அறை, தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில். மாணவி உள்ளே போனதைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில், 'அந்தப் பொண்ணுக்கு என்னவாம்?' என்று ஒரு கேள்வி வரும். கெட்ட எண்ணத்தில் கேட்பதுகூட இல்லை, அக்கறைதான். கவுன்சலர் பாதி சொன்னாலும் போதும். அடுத்த நாள் கணக்கு டீச்சர் அந்தப் பெண்ணிடம் வழக்கத்தைவிட மென்மையாகப் பேசுவார். பெண்ணுக்குப் புரிந்துவிடும். அவள் திரும்ப வர மாட்டாள் என்பது சின்ன நஷ்டம். அவளுடைய தோழிகள் யாரும் வர மாட்டார்கள் என்பது பெரிய நஷ்டம். அவர்களில் எவளுக்கு உண்மையிலேயே உதவி தேவைப்பட்டது என்பது யாருக்கும் தெரியாமலே போகும். நிர்வாகத்துக்கோ வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தது ஒன்றுதான் தெரியும். பிள்ளைகளுக்குப் பிரச்னை இல்லை போலிருக்கிறது என்று முடிவுக்கு வருவார்கள்.

புகார் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் மீதே இருந்தால்? இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. போக்ஸோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. பள்ளியின் பெயர் கெடும் என்பது அதில் விலக்கு ஆகாது. ஆலோசகர் ரகசியத்தை உடைத்தே தீர வேண்டிய இடம் இது. யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அதே பிரிவு, 17 வயதுப் பெண் தன் வகுப்புத் தோழனோடு உள்ள காதலைப் பற்றிப் பேசும்போதும் பாய்கிறது. அங்கே பாலுறவு நடந்திருந்தால் சட்டத்தின் பார்வையில் அவள் சம்மதத்துக்கு மதிப்பில்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சம்மத உறவில் கருவுற்ற சிறுமி கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் போலீஸுக்கு அவள் அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று ஒரு சன்னல் திறந்தது. அந்தச் சன்னல் மருத்துவருக்கு மட்டும். கவுன்சலருக்கு எதுவும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஆக, அவர் செய்யக்கூடிய நேர்மையான காரியம் ஒன்றுதான்: முதல் சந்திப்பில், பேச்சு தொடங்குவதற்கு முன்பே, 'இந்த இந்த விஷயங்களைச் சொன்னால் நான் வெளியே சொல்லியாக வேண்டும்மா' என்று பிள்ளைக்குப் புரியும் தமிழில் சொல்லிவிடுவது. எத்தனை பள்ளிகளில் அது நடக்கிறது?

பெற்றவர்களுக்குத் தெரியக் கூடாதா?

இந்த இடத்தில் எழும் எதிர்ப்பு பலமானது. ரகசியம், தனியுரிமை எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. இங்கே மனக்கஷ்டம் என்பது குடும்பத்தின் கஷ்டம். பெற்ற தாய்க்குத் தெரியாமல் பிள்ளைக்கு என்ன வைத்தியம் என்று கேட்கிறார்கள். வெறும் பழமைவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதில் உலகத்துக்கு முன்னோடிகளில் நாமும் உண்டு. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மனநல மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில், குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு தங்கியிருந்து சிகிச்சையில் பங்குபெறுவது அரை நூற்றாண்டுக்கும் மேலான வழக்கம். அங்கெல்லாம் குடும்பம் மருந்தில் பாதி.

ஆனால் பாகாயத்தில் நடப்பதை உற்றுப் பார்த்தால், அது ரகசியத்துக்கு எதிரான சாட்சியம் ஆகாது. அங்கே குடும்பம், நோயாளிக்குத் தெரிந்தே உள்ளே இருக்கிறது. யார் இருக்கிறார்கள், யார் காதில் எது விழுகிறது என்பது அவருக்குத் தெரியும். அதற்கும், தனியாகப் பேசுவோம் என்று கதவைச் சாத்திவிட்டுப் பிறகு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்வதற்கும் உள்ள தூரம் பெரிது. முன்னது குடும்பச் சிகிச்சை, பின்னது உளவு. 2017 சட்டமும் இந்த வித்தியாசத்தை மதிக்கிறது: வயதுவந்த ஒருவர், தனக்காகப் பேசும் பிரதிநிதியாக யாரை வேண்டுமானாலும் நியமித்துக்கொள்ளலாம். அது அம்மாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், நண்பனாகவும் இருக்கலாம். வளரிளம் பிள்ளைகள் விஷயத்தில் அனுபவமுள்ள ஆலோசகர்கள் செய்வதும் இதுதான். சிகிச்சை எப்படிப் போகிறது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் சொல்வார்கள். பிள்ளை என்ன வார்த்தை சொன்னான் என்பதைச் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டிய கட்டம் வந்தால், பிள்ளையையும் உட்காரவைத்துக்கொண்டு சொல்வார்கள். பெற்றோருக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் நடப்பதையே பேச வந்த பிள்ளைக்கு, அந்த உரிமை எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும்.

வாயை மூடிக்கொண்டதால் ஒரு கொலை

இரண்டாவது எதிர்ப்பு உயிரைப் பற்றியது. ரகசியம் ரகசியம் என்று ஆலோசகர் மௌனமாக இருந்து, ஒரு உயிர் போனால்? உலகம் இந்தக் கேள்வியைச் சந்தித்தது 1969-ல். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் ஒருவர், டாட்டியானா தாராசாஃப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் சிகிச்சையாளரிடம் சொன்னார். சிகிச்சையாளர் சும்மா இருக்கவில்லை. பல்கலைக்கழகப் போலீஸுக்குத் தெரிவித்தார். போலீஸ் விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. அந்தப் பெண்ணை மட்டும் யாரும் எச்சரிக்கவில்லை. அக்டோபர் 27 அன்று அவள் கொல்லப்பட்டாள். 1976-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று தீர்ப்பளித்தது. நம் 2017 சட்டத்தின் 23-வது பிரிவிலும் அந்தச் சிந்தனை இருக்கிறது. பிறரைத் தீங்கிலிருந்து காக்கவோ, உயிராபத்தைத் தடுக்கவோ தகவலை வெளியிடலாம். அதுவும் அந்தத் தீங்கைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும். ரகசியம் காப்பது என்றால் எந்நிலையிலும் வாய் திறக்காமலிருப்பது என்று எந்த நல்ல ஆலோசகரும் சொல்வதில்லை.

விதிவிலக்கை எப்படி எழுதுவது என்பதற்கு நம்மிடமே நல்ல மாதிரி ஒன்று இருக்கிறது. 1998-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. சென்னை மருத்துவமனை ஒன்றில் ரத்தம் கொடுக்கப்போன ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, தகவல் கசிந்து, நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனது, ஊரே ஒதுக்கியது. மணப்பெண்ணின் நலனே மேல் என்று சொல்லி நீதிமன்றம் அவருக்கு நஷ்டஈடு மறுத்தது. பெண்ணின் நலன் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் தகவல் போன விதம்? அதற்கான விடை எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தில் 2017-ல் வந்தது. துணைவருக்கு உண்மையான ஆபத்து இருக்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள் என்று முதலில் அவருக்கு ஆலோசனை தர வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்பது உறுதியாக வேண்டும். நான் சொல்லப்போகிறேன் என்று அவருக்கே அறிவிக்க வேண்டும். அதன் பிறகே, மருத்துவரோ ஆலோசகரோ நேரில் சொல்லலாம். வேறு யாரும் சொல்லக் கூடாது. 'ஆலோசகர்' என்று சட்டமே பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்திருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகையோடு இயங்கும் அறைகளில் சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, எழுத்துப்பூர்வச் சம்மதம், பெயருக்குப் பதில் எண் என்று இந்த ஒழுங்கு பல்லாண்டாகப் பழகியிருக்கிறது. 1986-ல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த தமிழ்நாட்டில், ஊருக்குப் பயந்து ஒளிந்தவர்கள் அந்த வாசலுக்கு வந்தார்கள் என்றால், அதில் இந்த ஒழுங்குக்கும் பங்கு உண்டு. எச்.ஐ.வி.க்குச் சாத்தியமானது, மனச்சோர்வுக்கு ஏன் சாத்தியமாகாது?

---
முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்

என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி, பதிவு எண் உண்டா?

எந்த முறையில் பேசுவீர்கள்? ஏறக்குறைய எத்தனை சந்திப்பு?

எதையெல்லாம், யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும்? சொல்லும் முன் எனக்குத் தெரிவிப்பீர்களா?

குறிப்பு எழுதுவீர்களா, எங்கே வைப்பீர்கள், வேறு யார் பார்க்க முடியும்? நான் கேட்டால் காட்டுவீர்களா?

உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா? அவரிடம் என் பெயரைச் சொல்வீர்களா?

கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் இரண்டாவது முறை போக வேண்டிய அவசியமில்லை. கட்டணமில்லாத உதவிக்கு 'டெலி மானஸ்' 14416, எந்த நேரமும்.
---

கசிவதற்கு வாய் வேண்டியதில்லை

ஆலோசகர் உத்தமராகவே இருக்கட்டும். குறிப்புகள் எங்கே இருக்கின்றன? 2020 அக்டோபரில் பின்லாந்தில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: 24 மணி நேரத்துக்குள் 200 யூரோ தராவிட்டால், நீங்கள் உங்கள் தெரபிஸ்ட்டிடம் சொன்னதெல்லாம் இணையத்தில் வெளியாகும். வாஸ்தாமோ என்ற சிகிச்சை நிறுவனத்தின் கணினிகளிலிருந்து சுமார் 33,000 பேரின் பதிவுகள் திருடப்பட்டிருந்தன. நிறுவனம் திவாலானது. திருடியவருக்கு 2024-ல் மாவட்ட நீதிமன்றம் ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறை விதித்தது. பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் ஆலோசனை நிறுவனத்தில் திருட்டே தேவைப்படவில்லை. ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் தகவல்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்ட, 2023-ல் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. நம் ஊரில் வாட்ஸ்அப்பில் நேரம் குறித்து, கூகுள் பேயில் 'தெரபி ஃபீஸ்' என்று எழுதிப் பணம் அனுப்பி, மேசைமேல் கிடக்கும் டைரியில் குறிப்பெழுதும் ஆலோசனை எத்தனையோ நடக்கிறது. 2011-ம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், மனநலத் தகவலை நுண்ணுணர்வுத் தகவல் என்று தனியாக வகைப்படுத்தியிருந்தன. அவற்றின் இடத்தைப் பிடிக்கவரும் 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனி வகையே கிடையாது. சட்டத்தின் கண்ணில், உங்கள் செருப்பு சைஸும் உங்கள் தற்கொலை எண்ணமும் ஒரே வகைத் தரவு.

ஆளே இல்லாத ஊரில் பதிவேடு எதற்கு?

கடைசி எதிர்ப்பு நடைமுறை சார்ந்தது. எனக்கு மிகவும் கனமாகப் படுவதும் இதுதான். 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 சதவிகிதம் பேருக்கு மனநலப் பிரச்னை இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், பட்டம், பதிவு, விதி என்று வேலி கட்டினால், இருக்கிற ஒன்றிரண்டு கதவும் அடைபடும் என்கிறார்கள்.

பட்டத்தை வேலியாக்கினால் அப்படித்தான் நடக்கும். பட்டம் அவசியமில்லை என்பதற்கே நல்ல சான்று இருக்கிறது. கோவாவில் 'சங்கத்' அமைப்பு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு பேசவைத்தது. 495 பேரிடம் நடந்த அந்தச் சோதனையின் முடிவுகள் 2017-ல் 'லான்செட்' இதழில் வந்தன: மூன்று மாதத்தில் அவர்களிடம் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவிகிதம் பேருக்கு மனச்சோர்வு தணிந்தது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவிகிதம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'சிநேகா'வில் போனை எடுப்பவர்களும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே. அங்கே ரகசியம்தான் முதல் விதி. இந்த இரண்டு இடத்திலும் பட்டம் இல்லை. ஆனால் பயிற்சி இருந்தது, மேற்பார்வை இருந்தது, தவறினால் கேட்பதற்கு ஓர் அமைப்பு இருந்தது. பதிவேடு கேட்க வேண்டியதும் அதைத்தான்: யாரிடம் பயின்றாய், இப்போது உன்னை மேற்பார்ப்பது யார், ரகசிய விதியில் கையெழுத்துப் போட்டிருக்கிறாயா, உன்மேல் புகார் வந்தால் யார் விசாரிப்பார். மாநில மன்றம் அமையும்போது எழுதப்படும் விதிகளில் இந்த நான்கும் இருந்தால், மூன்று மாதப் பயிற்சி பெற்ற கிராமத்து ஆலோசகரும் உள்ளே வர முடியும். முதுகலைப் பட்டத்தோடு வாய் அடங்காதவர் வெளியே போக வேண்டியிருக்கும்.

மன்றம் அமையும்வரை பள்ளிகள் காத்திருக்கப்போவதில்லை, நியமனங்கள் நடக்கும். கவுன்சலரின் பணி ஆணையில் மூன்று வரி சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாணவர் சொன்னதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் நிர்வாகத்துக்கு இல்லை. எண்ணிக்கையையும் பொதுப் போக்கையும் மட்டுமே அறிக்கையாகக் கேட்கலாம். சட்டப்படி வெளியே சொல்லியாக வேண்டியவை எவை என்ற பட்டியல், ஒவ்வொரு மாணவருக்கும் முதல் சந்திப்பில் தரப்படும். கவுன்சலர் வேலையை விட்டுப் போகும்போது, குறிப்புகள் அடுத்து வரும் கவுன்சலருக்குப் போகும், அல்லது அழிக்கப்படும். அலமாரிச் சாவி அலுவலகத்துக்குப் போகாது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில், கவுன்சலர் வந்துவிட்டாரா என்று விசாரிக்கும் பெற்றோர், அந்தப் பணி ஆணையையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.